கடைசி 5 கிலோமீட்டர்

சென்னைப் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது 2007-ல். அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலம் கைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் வழக்கில் நின்றது. நிலத்தை வாங்காமல் தூண் எழுப்புவது என்ன திட்டம் ஐயா? எங்கள் ஊர்க் கொத்தனார்கூட மனை யார் பேரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வானம் தோண்டுவார்.

நான் படித்த பிரெஞ்சில் 'கொரெஸ்பொந்தான்ஸ்' என்றால் கடிதப் போக்குவரத்து. பாரிஸ் மெத்ரோவில் அதே சொல் ரயில் மாறும் இடத்துக்கும் பெயர். நம் அலுவலகங்களுக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் தெரியும். (கோப்பு தள்ளியே ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.)

2023 ஆகஸ்டில், எழும்பூர் வரை நாலாவது பாதை போடுகிறோம் என்று கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். 7 மாதம் என்றார்கள். 14 மாதம் ஆயிற்று. சென்ட்ரலுக்குப் போக வேண்டியவர்கள் மூட்டையும் குழந்தையுமாகச் சிந்தாதிரிப்பேட்டையில் படியிறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசினார்கள். அந்தக் காசு எந்தத் திட்ட மதிப்பீட்டில் ஏறியிருக்கிறது?