26-ஆல் வகுத்த கணக்கு

ஆண்டுக்கு 26,000 டாலர் சம்பாதித்தவருக்கு இரண்டு வாரத்துக்கு எவ்வளவு வருமானம்? ஆண்டில் 26 இருவாரங்கள், வகுத்தால் 1,000. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆஸ்திரேலிய அரசின் கணினியும் அப்படித்தான் சொன்னது. அந்த ஒரு வகுத்தலை நம்பி மக்கள்மேல் சுமத்திய சுமார் 4,70,000 கடன்களைத் தள்ளுபடி செய்து, 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக 2020 மே மாதம் அந்த அரசு அறிவிக்க நேர்ந்தது.

அங்கே வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை உண்டு. அந்த இரண்டு வாரத்தில் சம்பாத்தியம் இருந்தால் தொகை குறையும். ஒருவர் ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை வாங்குகிறார். அடுத்த ஆறு மாதம் இருவாரத்துக்கு 2,000 டாலர் சம்பளத்தில் வேலை பார்க்கிறார், உதவித்தொகை வாங்கவில்லை. ஒளிவுமறைவே இல்லை. ஆனால் வரித்துறை தந்த ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்த கணினி நிரல், வேலையில்லாத மாதங்களிலும் அவர் 1,000 டாலர் சம்பாதித்ததாக முடிவுகட்டியது. வாங்கியதைத் திருப்பிக் கட்டு, இல்லையேல் பழைய சம்பளச் சீட்டைக் காட்டு என்று கடிதம் போயிற்று. ஐந்தாறு ஆண்டுக்கு முன் மேசை துடைத்த உணவகத்தின் சீட்டை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? கடன் கடிதங்களுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட இரண்டு இளைஞர்களின் தாய்மார்கள், பின்னாளில் விசாரணை ஆணையத்தின்முன் சாட்சி சொன்னார்கள்.

'ரோபோடெட்' என்று மக்கள் பெயரிட்ட இந்தத் திட்டத்தில், நிரல் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. வகுத்தல் சரி, கொடுத்த கணக்குத்தான் தவறு. சராசரி போட்டுக் கடன் கணக்கிடச் சட்டத்தில் இடமில்லை என்று 2014-லேயே அரசுத் துறையின் சட்ட ஆலோசகர்கள் எழுதியிருந்தார்கள். அது கோப்பில் கிடந்தது. 2019-இல் வழக்கு நீதிமன்றம் ஏறியபிறகே அரசு பின்வாங்கியது.

நமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு வந்த 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், மின்சாரம் 3,600 யூனிட் என்று வரம்புகள் இருந்தன. ஒரே வீடு, ஒரே மீட்டர், அண்ணன் தம்பிக்குத் தனித்தனி ரேஷன் கார்டு என்றால் 3,600-ஐ யார் கணக்கில் எழுதுவது? கிராம நிர்வாக அலுவலர் என்றால் 'பாத்துக்கலாம்மா' என்று சொல்லிவைப்பார். நிரலுக்கு அந்தப் பேச்சு வராது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு விடையை அதற்குள் எழுதித்தான் ஆகவேண்டும். அந்த விடையை விண்ணப்பித்த பெண் படித்துப் பார்க்க முடியவேண்டும். மறுப்பைச் சொல்லும் ஒற்றை வரிக் குறுஞ்செய்தி போதாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஓர் உதவியைத் தரவோ மறுக்கவோ நிரல் போடும் கணக்கை அரசாணையோடு சேர்த்து, தமிழில், ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துச் செய்துகாட்டி வெளியிடவேண்டும். இதில் ரகசியம் காக்க என்ன இருக்கிறது? ஏமாற்றுவார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வருமான வரி விகிதத்தை ஊரறியத்தானே அச்சிடுகிறோம்?

வெளியிட்டால் படிக்க ஆள் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கம் கற்பிக்கச் சொல்கிறது. கற்பிக்கட்டும். ஆனால் நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் சராசரி காண்கிறார்கள், பத்தில் திட்ட விலக்கம் காண்கிறார்கள். எப்போது சராசரி காணக் கூடாது என்ற கேள்வியைத் தேர்வில் சந்திப்பது அரிது. சூத்திரம் எழுதினால் ஒரு மதிப்பெண், படிகளுக்கு மீதி. ஐந்து மதிப்பெண் வினாவில் ஒன்றையாவது, 'இந்த விடை யாருக்கு அநீதி செய்யும்? காரணம் கூறுக' என்று முடிக்கலாம். முதல் வினாவுக்கு அந்த 26,000 டாலரையே எடுத்துக்கொள்ளலாம்.