வீடு கட்டும்போதே நெட்வொர்க்கிற்கும் பைப் போடுங்கள்

வீடு கட்டும் நண்பர்களிடம் நான் தவறாமல் கேட்பது, "நெட்வொர்க் கேபிளுக்குப் பைப் போட்டாச்சா?" என்பதுதான். "அதான் வைஃபை இருக்கே!" என்று பதில் வரும். இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை.

மொபைல் போனுக்கு வைஃபை போதும். ஆனால் நம் வீடுகளில் செங்கல் சுவர்; மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ஹாலில் உள்ள ரவுட்டரின் சிக்னல் மாடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும். ரிப்பீட்டர் வைக்கலாமே என்பீர்கள். சாதாரண ரிப்பீட்டர், டேட்டாவை வாங்கிய அதே அலைவரிசையில்தான் திருப்பி அனுப்பும். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மாடியில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்து அதைக் கேபிளால் இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆக, நல்ல வைஃபைக்கும் கேபிள் வேண்டும்!

இதில் உங்கள் எலெக்ட்ரீஷியனை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர் வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் விளக்குக்கு வயர் இழுக்கிற பழக்கத்தில், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு லூப் எடுத்துவிடுவார். நெட்வொர்க்கில் அது செல்லாது. ஒவ்வொரு பாயிண்டிலிருந்தும் தனிக் கேபிள், நடுவில் எங்கும் ஒட்டுப் போடாமல், ஸ்விட்ச் வைக்கும் இடத்திற்கு வர வேண்டும். முன்பு கோ-ஆக்சியல் கேபிள் காலத்தில் கம்ப்யூட்டர்களை வரிசையாகக் கோத்துக்கொண்டே போவார்கள். ஓரிடத்தில் அறுந்தால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். இப்போதைய முறையில் ஒரு கேபிள் போனால் அந்த ஒரு பாயிண்ட் மட்டும்தான் போகும்.

எல்லாக் கேபிளும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். இணைய இணைப்புக்கான ஃபைபரும் அங்கேயே வந்து இறங்க ஒரு பைப் விட்டு வையுங்கள். இல்லையென்றால் இணைப்புக் கொடுக்க வருபவர் தமக்கு வசதியான ஜன்னலோரத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள். இது பாதுகாப்பு விஷயம். தனிப் பைப், திருப்பங்களில் வளைவான பெண்ட், உள்ளே ஒரு நைலான் கயிறு. பத்து வருடம் கழித்து வேறு கேபிள் இழுக்க அந்தக் கயிறு உதவும்.

கேபிள் கேட்-6 போதும். 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் கிடைக்கும். 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட்டும் முடியும். எந்த வீட்டில் 55 மீட்டர் தேவைப்படப் போகிறது? விலை குறைவு என்று அலுமினியத்தில் செம்பு முலாம் பூசிய கேபிளை மட்டும் வாங்காதீர்கள். கடையில் "முழுச் செம்புதானா?" என்று கேட்டு, முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டைல்ஸுக்கும் ஃபால்ஸ் சீலிங்கிற்கும் லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்தப் பைப்பில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியவில்லை. பெயின்ட் அடித்த சுவரில் மறுபடி காடி வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கொத்தனார் பூச்சு வேலை தொடங்குவதற்கு முன், பைப் ஓடும் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பிடித்து மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.