மூன்று பேருக்கு வெள்ளி, வெண்கலம் யாருக்கும் இல்லை: நீச்சலில் ஏன் இந்தக் கணக்கு?

2016 ஆகஸ்ட் 12, ரியோ ஒலிம்பிக்ஸ். ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் சுவரைத் தொட்டு, தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். சின்னப் பையனாக மைக்கேல் ஃபெல்ப்ஸ் பக்கத்தில் நின்று அவர் எடுத்துக்கொண்ட பழைய போட்டோ அன்று உலகம் முழுக்கச் சுற்றியது. ரசிகனிடமே தோற்றுப்போனார் ஃபெல்ப்ஸ்!

ஆனால், ஸ்கோர் போர்டில் அதைவிட விநோதமான ஒரு விஷயம் இருந்தது. ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ செஹ் என மூன்று பேருக்கும் ஒரே நேரம்: 51.14. மூவருக்கும் வெள்ளி கொடுத்தார்கள். வெண்கலத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

இவ்வளவு டெக்னாலஜி இருந்தும், மூவரில் யார் முதலில் தொட்டார் என்று கண்டுபிடிக்க முடியாதா? முடியும். ஆனால் நீச்சல் விதிகள் வேண்டுமென்றே அதைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் இரண்டு கசப்பான கதைகளும் கொஞ்சம் கணக்கும் இருக்கின்றன.

கண்ணை நம்பிய காலம்

1960 ரோம் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்த மூன்று பேரும் 55.0, 55.1, 55.1 என்று காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று வாட்ச்சிலும் 55.2. ஆக, லார்சனுக்குத்தானே தங்கம்? இல்லை. யார் முதலில் தொட்டார் என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் நடுவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் டெவிட் பக்கம் நின்றார். தங்கம் டெவிட்டுக்குப் போனது. லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதிவிட்டார்கள்.

மனிதக் கண்ணை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று, மெஷினை நோக்கிப் போனது நீச்சல் உலகம்.

மெஷினை அளவுக்கு மீறி நம்பிய நாள்

1972 மியூனிக். 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 விநாடியில் முடித்தார்கள். உடனே மெஷினில் மூன்றாவது தசமத்தைப் பார்த்தார்கள். லார்சனுக்கு 31.981, மெக்கீக்கு 31.983. வித்தியாசம் விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. 400 மீட்டர் நீந்திய பிறகு, வெறும் 3 மில்லிமீட்டரில் தங்கம் கைநழுவியது.

அதற்குப் பிறகுதான் விதி மாறியது. இனி நூறில் ஒரு பங்கு விநாடியோடு நிறுத்திக்கொள்வோம், அதுவரை சமம் என்றால் பதக்கத்தைப் பகிர்ந்து கொடுப்போம் என்றார்கள். மெக்கீயின் வெள்ளி மட்டும் வெள்ளியாகவே இருந்துவிட்டது.

பிரச்சினை கடிகாரத்தில் இல்லை, சுவரில்

100 மீட்டரை 50 விநாடியில் கடப்பவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறார். அப்படியென்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அவர் நகரும் தூரம் 2 மில்லிமீட்டர்.

இப்போது குளத்தைப் பாருங்கள். ஒலிம்பிக் குளம் 50 மீட்டருக்குக் குறையவே கூடாது. ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக இருக்க விதியே அனுமதிக்கிறது. கான்கிரீட்டையும் டைல்ஸையும் வைத்து எட்டு லேனையும் மில்லிமீட்டர் சுத்தமாகக் கட்டுவது நடக்கிற காரியமா? நான்காவது லேனை விட ஐந்தாவது லேன் அரை சென்டிமீட்டர் நீளமாக இருந்தால், மூன்றாவது தசமத்தில் ‘ஜெயித்தது’ நீச்சல் வீரரா, கொத்தனாரா?

ஓட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2024 பாரிஸில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருமே 9.79 விநாடி. 9.784, 9.789 என்று பிரித்து லைல்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே கோடு, அந்தக் கோட்டைப் பார்க்க ஒரே கேமரா. நீச்சலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சுவர், தனித்தனி டச் பேட்.

அப்போ நூறில் ஒரு பங்கு மட்டும் நியாயமா?

நல்ல கேள்விதான். அந்த நேரத்தில் நகரும் தூரமும் 2 சென்டிமீட்டர்தான். 2008 பெய்ஜிங்கில் ஃபெல்ப்ஸ் 50.58, செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59. செர்பியா அப்பீல் செய்தும் முடிவு மாறவில்லை. எங்கே கோடு போட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் வருத்தத்தோடு நிற்கத்தான் செய்வார். ஆனால் அளக்க முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அளந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. நம்மால் நம்ப முடியாத ஒரு எண்ணை வைத்து ஒருவரை ஜெயித்தவர், இன்னொருவரைத் தோற்றவர் என்பதைவிட, “தெரியவில்லை, ரெண்டு பேரும் மேடையேறுங்க” என்பதுதான் நேர்மை. மார்க், ரேங்க், அப்ரைசல் என்று தசமங்களில் ஆளைப் பிரிக்கும் இடங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த விதியின் இரண்டு பக்கத்தையும் அனுபவித்தவர் அமெரிக்காவின் ஆண்டனி எர்வின். 2000 சிட்னியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சக நாட்டவர் கேரி ஹால் ஜூனியரும் அவரும் 21.98 விநாடியில் தொட, இருவருக்குமே தங்கம். 2004 சுனாமி தமிழ்நாடு, இலங்கை உட்படப் பல கடற்கரைகளைச் சூறையாடியபோது, எர்வின் அந்தப் பதக்கத்தை ஆன்லைனில் ஏலம் விட்டு, கிடைத்த 17 ஆயிரம் டாலருக்கும் மேலான தொகையை நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

ரியோவில் மூன்று வெள்ளி கொடுத்த அதே நாளில், 35 வயதில் அதே 50 மீட்டரில் மீண்டும் இறங்கினார். இந்த முறை தங்கம் அவருக்கு மட்டும். வித்தியாசம், நூறில் ஒரே ஒரு பங்கு விநாடி.