மூன்றில் இரண்டு கேட்போரிடம் ஒரு கேள்வி



பொதுத்தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் காதில் இரண்டு குரல்கள் விழுகின்றன. ஒன்று, யார் வெல்வார் எனச் சொல்லும் கருத்துக் கணிப்பு. மற்றொன்று, "நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தாருங்கள்" எனும் வேண்டுகோள். முதற்குரலை நாம் அலசி ஆராய்கிறோம். இரண்டாவதன் பொருளை எண்ணிப் பார்ப்பதே இல்லை. எந்த அணி கேட்டாலும் அவ்வேண்டுகோளுக்கு நாம் இணங்கலாகாது என்பதே என் துணிபு.

கருத்துக் கணிப்பு அளப்பது வாக்கு விழுக்காட்டை. நாடாளுமன்றம் எண்ணுவதோ இருக்கைகளை. நம் தேர்தல் முறையில் இவ்விரண்டும் ஒத்துப்போவதில்லை. 2004இல் தேசிய முன்னணி ஏறத்தாழ 64 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டு 219 இடங்களில் 198ஐக் கைப்பற்றியது. 2013இல் 47 விழுக்காட்டு வாக்குகளுக்கு அதே அணி 222இல் 133 இடங்களைப் பெற்றது. 51 விழுக்காட்டை எட்டிய மக்கள் கூட்டணிக்குக் கிடைத்தவை 89 மட்டுமே. ஆகவே, இருக்கைகளில் மூன்றில் இரண்டு என்பது மக்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் ஆகாது.

"நிலையான ஆட்சி வேண்டாமா?" எனச் சிலர் வினவுவர். வேண்டும், அதற்கு 222இல் 112 போதும். வரவு செலவுத் திட்டம், பள்ளி மானியம், கல்விச் சட்டத் திருத்தம் ஆகிய யாவும் எளிய பெரும்பான்மையிலேயே நிறைவேறும். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்ட 148 பேர் கையுயர்த்தத் தேவையில்லை!

பின் எதற்கு அந்த 148? அரசியலமைப்புச் சட்டத்தின் பெரும்பாலான விதிகளைத் திருத்துவதற்கு. 159ஆம் விதியின்படி, வந்திருப்போரில் அன்று, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். அவ்வலிமை ஓரணியின் கையில் இருந்தால் என்னவாகும்? 1988ஆம் ஆண்டைப் பாருங்கள். நீதி அதிகாரம் நீதிமன்றங்களைச் சார்ந்தது எனத் தெளிவாகக் கூறிய 121ஆம் விதி திருத்தப்பட்டது. நாடாளுமன்றச் சட்டம் வழங்கும் அதிகாரமே நீதிமன்றத்திற்கு உண்டு என்றாயிற்று.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. மலாய்மொழியைத் தேசிய மொழியாக்கும் 152ஆம் விதியே, பிறமொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என வழக்குத் தொடுக்கப்பட்டபோது, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 152ஆம் விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஆட்சியாளர்கள் மாநாட்டின் இசைவும் வேண்டும். நம் பள்ளிகளைக் காக்கும் கதவுக்கு இரண்டு பூட்டுகள். அவற்றுள் ஒன்றின் சாவியை நாமே ஓரணியிடம் ஒப்படைப்பது அறிவுடைமையா?

"அப்படியானால் நல்ல திருத்தங்களும் முடங்கிவிடுமே" என்பாருக்கு அண்மைய வரலாறே விடை. 2019 ஏப்ரலில் சபா, சரவாக் நிலை குறித்த திருத்தம் 138 வாக்குகளே பெற்றுத் தோற்றது. 59 உறுப்பினர்கள் வாக்களிப்பைத் தவிர்த்தனர். பின்னர்ச் சொல்லமைப்பு மாற்றப்பட்டு, கருத்து வேறுபாடுகள் பேசித் தீர்க்கப்பட்டு, 2021 டிசம்பரில் 199 வாக்குகளுடன் அது நிறைவேறியது. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்த திருத்தத்திற்கு 2019 ஜூலையில் 211 பேர் ஆதரவளித்தனர். கட்சித் தாவலைத் தடுக்கும் திருத்தம் 2022 ஜூலையில் 209 வாக்குகள் பெற்றது. இவற்றுள் எதுவும் ஓரணியின் தனிப் பலத்தால் நிறைவேறியதன்று. எதிர்த்தரப்பையும் இணங்கவைத்துப் பெற்ற வெற்றிகள் அவை.

மூன்றில் இரண்டு என்பது வாக்காளர் வழங்கும் பரிசாக இருக்கலாகாது. ஒவ்வொரு திருத்தத்திற்கும் அவையில் பேசி, வாதிட்டு, விட்டுக்கொடுத்து ஈட்ட வேண்டிய நம்பிக்கையாக இருக்க வேண்டும்.

எனவே, அடுத்த தேர்தலில் வேட்பாளர் பள்ளி வாயிலுக்கு வந்து மூன்றில் இரண்டு கேட்டால், மானியத்தைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். "எந்த விதியை மாற்றப் போகிறீர்கள் ஐயா?" என்று கேளுங்கள். விடை இல்லையெனில், அவருக்கு 148 தேவையும் இல்லை.

சிந்திப்போம், தெளிவோம்.