கடவுள் உண்மை நிறுவப்படுமோ?

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஓரிரவு, எம் விடுதி மாணாக்கர் ஒரு சொற்போர் நிகழ்த்தினர். "கடவுள் உண்டென்பது அறிவினால் நிறுவத்தக்கதே" என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். இருபக்கத்தாரும் நெடுநேரம் வழக்காடினர். முடிவில் அவையினர் கையுயர்த்தித் தம் கருத்தைத் தெரிவிக்க, உடன்பட்ட பக்கம் ஏழு வாக்கு மிகுதியால் வென்றதெனத் தலைவர் உரைத்தார். அனைவரும் கைகொட்டிக் கலைந்தனர். விலங்கியல் பயிலும் நண்பரொருவர் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. யான் அணுகி வினவியபோது, "ஏழு வாக்கினால் உளராகின்ற கடவுள், நால்வர் மனம் மாறினால் இலராவரோ?" என்றார். அவர் நகையாடுகின்றார் என்றே முதற்கண் எண்ணினேன். அவ்வாண்டு ஆவணியில் காய்ச்சலினால் தம் தங்கையை இழந்தவர் அவர் என்பது பின்னரே நினைவிற்கு வந்தது. அவர் வினாவிற்கு அன்று யான் விடை கூறிற்றிலேன். இக்கட்டுரையை அவ்விடை தேடும் சிறு முயற்சியென அன்பர்கள் கொள்வாராக.

நிறுவுதல் என்னுஞ் சொல்லின் பொருளை முதலில் தெளிதல் வேண்டும். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் காட்டிய நிறுவல் ஒருவகை. அதனை விளங்கிக்கொண்டவன் மறுக்க ஒல்லாது. மறுப்பானாயின் விளங்கிக்கொள்ளவில்லை என்பதே பொருள். நீதிமன்றத்தில் சான்றுகளை நிறுத்துத் தீர்ப்புக் கூறுதல் மற்றொருவகை. ஈண்டு ஐயத்திற்குச் சிறிது இடமுண்டு. ஆயினும் நேர்மையாளர் பலர் ஒரு முடிவிற்கு வருதல் கூடும். ஒருவன் தன் நண்பனை நம்பிப் பொருளை ஒப்புவித்தல் மூன்றாம் வகை. இது சான்றின்றி நிகழ்வதன்று; ஆயினும் சான்று முற்றும் கைவந்த பின்னரே நம்புவேன் என்பானுக்கு நட்பு என்பது எக்காலத்தும் வாய்ப்பதில்லை. கடவுளைப்பற்றி வழக்காடுவோர் பெரும்பாலும் இம்மூன்றனையும் ஒன்றாக மயங்குகின்றனர். மூன்றாம் வகை உறுதியைத் தம் உள்ளத்தே உடையவர், முதல்வகை நிறுவல் தம் கையில் உள்ளதாக அவையில் முழங்குகின்றனர்.

முதல்வகை நிறுவலைக் கடவுள்மாட்டுத் துணிந்து முயன்றவர், பின்னாளிற் காண்டர்பரிப் பேராயரான ஆன்செல்ம். இவர் பதினோராம் நூற்றாண்டினர். தன்னினும் பெரியதொன்றை எண்ணுதற்கு இயலாத பொருளே கடவுள்; அப்பொருள் எண்ணத்தில் மட்டும் இருப்பின், உலகிலும் இருக்கும் ஒன்று அதனினும் பெரியதாகும்; ஆதலின் அஃது உண்மையிலும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். அவர் காலத்தவரே ஆன கானிலோ என்னுந் துறவி, இவ்வாறே குறைவற்றதொரு தீவினை எண்ணி, அதுவும் கடலில் எங்கேயோ உண்டெனச் சாதிக்கலாமன்றோ என்று வினவினார். 1781-ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெருநூலில் இம்மானுவேல் காண்ட், எண்ணத்திலுள்ள நூறு நாணயத்திற்கும் பையிலுள்ள நூறு நாணயத்திற்கும் இலக்கணத்தால் வேற்றுமை இல்லை. உண்மை என்பது இலக்கணத்தோடு கூட்டத்தக்கதொரு குணமன்று என விளக்கினார். எனினும் அவ்வாதம் மாளவில்லை. கணித வல்லுநராகிய கூர்ட் கோடெல் அதனைக் குறியீடுகளால் யாத்து 1970-இல் தம் அன்பர்க்குக் காட்டினார். 2013-இல் இரு ஆராய்ச்சியாளர், டேனா ஸ்காட் திருத்திய அதன் வடிவத்தைக் கணிப்பொறியால் சோதித்து, கொண்ட கோள்களினின்று முடிவு வழுவின்றிப் பிறக்கின்றது என்று கண்டனர். கடவுள் உண்மையைக் கணிப்பொறி நிறுவிவிட்டதெனச் செய்தித்தாள்கள் பறையறைந்தன. அக்கணிப்பொறியே, கோடெல் முதலில் எழுதிய வடிவம் தன்னுள் முரண்பட்டது என்பதையும் பின்னர்க் காட்டியது. கோள்களை ஒப்பின் முடிவை ஒப்பல் வேண்டும் என்பதே எந்திரம் கூறியது. கோள்களை ஒப்புக என்று அஃது எவரையும் பணிக்கவில்லை. பணிக்கவும் மாட்டாது.

இனி, உலகத்தைக் கொண்டு உலகமுதல்வனைத் துணியும் வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மேனாட்டில் தாமஸ் அக்குவினாஸ் கடவுளுண்மைக்கு ஐந்து வழிகள் வகுத்தார். அதே நூற்றாண்டில் தமிழகத்தில் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்கு ஒரு வினைமுதல் வேண்டும் என்னும் வாதத்தை நிறுத்தினார். ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே வினாவின் முன் நின்றனர். நம் முன்னோர் எதிர்வாதத்தை அஞ்சி மறைத்தாரல்லர் என்பதும் கருதத்தக்கது. மணிமேகலை வஞ்சிநகரில் பல சமயக் கணக்கரையும் கேட்டபோது பூதவாதியையும் கேட்டாள். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதனை முதலிலேயே பேசவிட்டு விடையிறுத்தார். வேதத்தைத் தலைமேற்கொண்ட மீமாஞ்சகராகிய குமாரிலரே உலகைப் படைத்தானொருவன் வேண்டா என்றார்.

காரணமின்றி யாதும் இல்லையாயின் முதற்காரணத்திற்குக் காரணம் யாது? அதற்கு வேண்டாவெனின் உலகிற்கு மட்டும் ஏன் வேண்டும்? இவ்வினாக்கள் பழமையானவை, இவற்றிற்கு ஆத்திகர் கூறும் விடைகளும் பழமையானவை. உலகிலுள்ள பொருள்கள் பிறவற்றைச் சார்ந்தே நிற்பன என்றும், சார்பற்ற ஒன்றே அனைத்தையும் தாங்கவல்லது என்றும் அவர் கூறுவர். இவ்விடை அறிவுக்குப் பொருந்துவதே. ஆயினும் மறுப்பவன் மடவன் என்று காட்டும் வலிமை அதற்கில்லை.

இற்றைநாள் விண்ணியலும் இவ்வழக்கைத் தீர்க்கவில்லை. நாம் காணும் அண்டம் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகட்கு முன் மிகச் செறிந்து வெம்மையுற்றதொரு நிலையினின்று விரியத் தொடங்கியது என்பர். இக்கருத்திற்கு வித்திட்டவருள் ஒருவராகிய ஜார்ஜ் லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதனைப் படைப்பிற்குச் சான்றெனும்படி பேசியபோது, தம் விஞ்ஞானக் கொள்கையை மறைநூலோடு பிணைப்பதை அக்குருவே விரும்பவில்லை. உலகிற்குத் தொடக்கம் உண்டென்பது அறிவினால் மட்டும் நிறுவப்படாதென்று அக்குவினாசே கூறியிருக்கின்றார். பற்றுடையார் காட்டிய இவ்வடக்கம் நம் மேடைப்பேச்சாளர்க்கு வாய்த்தல் நன்று.

மூன்றாவது, அமைப்பினைக் கொண்டு அமைத்தானைத் துணிதல். பாதையிற் கிடந்த கடிகாரத்தைக் கண்டார் அதனைச் செய்தானொருவன் உளன் என்பர். கண்ணும் செவியும் அதனினும் நுண்ணியவன்றோ என்று வில்லியம் பேலி 1802-இல் எழுதினார். இத்தகைய ஒப்புமையின் குறைபாடுகளை டேவிட் ஹ்யூம் முன்னரே ஆராய்ந்திருந்தார். அந்நூல் அவர் இறந்தபின் 1779-இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் பேலியின் நூல்களை வியந்து பயின்ற மாணாக்கர் சார்லஸ் டார்வின். அவரே 1859-இல், உயிர்களின் நுண்ணிய அமைப்புகள் இயற்கைத் தேர்வினால் படிப்படியாக உண்டாதல் கூடும் என்று காட்டினார். கடிகார வாதத்தின் மேல் தன் பற்றினை முழுதும் கட்டிவைத்தவனுக்கு விலங்கியல் வகுப்பு ஓர் இடியாக அமைவது இதனாலேயே. அவ்விடி விழுவது கடவுள்மேலன்று. அவரைத் தாங்கும்பொருட்டு நாம் நட்ட பந்தற்கால்மேல். டார்வினும் தாம் கடவுளை மறுக்கும் நாத்திகரல்லர், அறியேன் என்பாரே எனத் தம் முதுமையில் 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

இங்ஙனமாயின் இல்லையென்பார் வென்றனரோ? அவர்தம் வாதங்களுள் வலியது துன்பத்தினின்று எழுவது. 1755-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாட்காலையில், லிஸ்பன் நகரத்துக் கோயில்களில் மக்கள் வழிபட்டுக்கொண்டிருந்தபோது நிலம் அதிர்ந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிறன்று காலையில் நம் நாகைக் கரையிற் கடல் பொங்கியபோது, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். எல்லாம் வல்லவரும் முழுதும் நல்லவருமாகிய ஒருவர் இருப்பின் இவை நிகழுமோ? இவை முரண்பட்ட கூற்றுகளே என ஜே. எல். மேக்கி 1955-இல் வாதித்தார். மக்கட்கு உண்மையான தன்னுரிமை அளித்தலும் தீமையை முற்றும் தடுத்தலும் ஒருங்கே இயலாதிருத்தல் கூடும். ஆதலின் முரண்பாடு நிறுவப்படவில்லை என ஆல்வின் பிளான்டிங்கா 1974-இல் விடையளித்தார். தருக்க அளவில் இவ்விடை வலியதென இல்லையென்பாருள்ளும் பலர் ஒப்புவர். ஆயினும் முரணில்லை என்பது வேறு, விளக்கம் கிடைத்தது என்பது வேறு. கடல் கொண்ட குழவியின் தாய்க்குத் தன்னுரிமை வாதத்தை எடுத்துரைப்பான் தருக்கத்திற் பிழையாதவனாயினும் மனிதத்தன்மையிற் பிழைத்தவனே.

ஆராய்ச்சிச்சாலையிற் கடவுளைச் சோதிக்க முயன்றாரும் உளர். 2006-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓராய்வில் நெஞ்சறுவை பெற்ற 1802 நோயாளிகள் மூன்று கூட்டமாகப் பகுக்கப்பட்டனர். தமக்காக வேண்டுதல் நிகழ்கின்றதோ இல்லையோ என அறியாதிருந்தாருள், வேண்டப்பட்டவரில் நூற்றுக்கு 52 பேர்க்கும், வேண்டப்படாதவரில் 51 பேர்க்கும் பின்விளைவுகள் நேர்ந்தன. வேண்டுதல் நிகழ்வதை அறிந்தாருள் 59 பேர்க்கு நேர்ந்தன. இது யாது காட்டிற்று? எண்ணிக்கையிட்டு வேண்டினால் எண்ணிக்கையிட்டு நலம் வழங்கும் ஒரு கடவுளை நம்பினோர் அந்நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பதைக் காட்டிற்று. நேர்மை நோக்கி ஈண்டு ஒன்று ஒப்புக்கொள்ளல் தகும். கடவுள் என்னும் பெயரால் மக்கள் கூறுவனவற்றுள் சில மறுக்கப்படத்தக்கனவே. உலகம் ஆறாயிரம் ஆண்டே பழமையுடையது என்றால் பாறைகள் மறுக்கும். ஆனால் உலகினுள் ஒரு பொருளாய் இன்றி, உலகின் இருப்பிற்கே தாங்காய் நிற்கும் ஒருவர் என்னும் கருத்தை நிறுவும் துலாக்கோலும் இல்லை, மறுக்கும் துலாக்கோலும் இல்லை.

"உண்டென்பான் அன்றோ நிறுவற்பாலன்? இல்லையென்பானுக்குச் சுமை யாது?" எனச் சிலர் வினவுவர். தக்க வினாவே. பிறரை இணங்குமாறு வற்புறுத்துவோன் எவனாயினும் அச்சுமையை ஏற்றே தீரல் வேண்டும். சான்று போதாதென்று ஒருவன் வாளாவிருப்பின் அவனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஹக்ஸ்லி 1869-இல் அந்நிலைக்குத் தனிப்பெயரே இட்டார். ஆயினும் "யான் அறியேன்" என்பதினின்று "எவரும் அறியார், ஆதலின் ஒன்றுமில்லை" என்பதற்குத் தாவுவானாயின், அவனும் சுமையேற்றவனாகின்றான்.

ஆகவே, கணிதம் நிறுவும் முறையிற் கடவுளுண்மை நிறுவப்படாது, மறுக்கப்படவும் மாட்டாது என்பது என் துணிபு. இதனாற் சமயவாழ்வு தளருமென யான் அஞ்சவில்லை. கணிதத்திற் பெரும்புலவராகிய பிளேஸ் பாஸ்கல், 1654-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாளிரவு தாம் எய்திய அனுபவத்தை ஒரு தாளில் வரைந்து, இறக்குமளவும் தம் சட்டையுள் தைத்து வைத்திருந்தார். அவர் அதனை ஒரு தேற்றமாக எவர்க்கும் கற்பிக்கவில்லை. ஐந்து வழி வகுத்த அக்குவினாசும் 1273-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதுகோலைக் கீழே வைத்தார். தாம் எழுதியவை யாவும் வைக்கோலாகத் தோன்றுகின்றன என அவர் கூறினாரென்பர். அவர்தம் பெருநூல் முற்றுப்பெறாதே நின்றது. வாதங்கள் பயனற்றன என்று இதனாற் கொள்ளற்க. மூடநம்பிக்கையைக் களைதற்கும், எதனை நம்புகின்றோம் என்று தெளிதற்கும் அவை இன்றியமையாதன. நம்பிக்கையை உண்டாக்கும் வேலையை அவற்றின்மேற் சுமத்துதலே தவறு.

இளைஞர்காள்! நம்புவீராயின் நிறுவிவிட்டோம் என்று தருக்காதீர். நம்பாதவன் ஒழுக்கங்கெட்டவன் என்று பழியாதீர். நம்பீராயின் மறுத்துவிட்டோம் என்று செருக்காதீர். நம்புவோன் அறிவிலி என்று இகழாதீர். இருசாராரும் ஒரே விடுதியில் உண்டு, ஒரே வகுப்பிற் பயின்று, ஒருவர் துயரில் ஒருவர் துணைநிற்பவரன்றோ?

அவ்விரவிற்குப் பின் யானும் அந்நண்பரும் பலகால் பேசியதுண்டு. அவர் இன்னும் ஐயத்திலேயே இருக்கின்றார், யான் நம்புகின்றேன். நால்வர் மனம் மாறின் கடவுள் இலராவரோ என்ற வினாவிற்கு இன்று என் விடை இது: நாற்பதினாயிரவர் மாறினும் உள்ளவர் இலராகார்; நாற்பதினாயிரவர் கையுயர்த்தினும் இல்லாதவர் உளராகார். ஆதலின் அவ்வாக்கெடுப்பை நாம் நிகழ்த்தியதே பிழை. இவ்விடையைக் கேட்டு அவர் முறுவலித்தார். சென்ற திங்கள் தங்கையின் ஆண்டு நினைவுநாளுக்கு ஊர் சென்றபோது என்னையும் உடனழைத்துச் சென்றார். அவர்தம் அன்னையார், "நீர் என் மகனோடு கடவுளைப்பற்றி வழக்கிடுவீராமே, யார் வென்றீர்?" என்றார். "இன்னும் முடியவில்லை, அம்மா" என்றேன். "முடியாதிருக்கட்டும், முதலில் உண்ணுங்கள்" என்று இருவர்க்கும் அருகருகே இலை இட்டார்.