சில்லு யார் கையில்?

பெரிய கடைவீதியில் கல்லாவில் அமர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி.

2021இல் கார் பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்களே, ஏன்? இரும்பு இல்லையா? டயர் இல்லையா? எல்லாம் இருந்தது. விரல்நகம் அளவுச் சில்லுதான் வரவில்லை!

அந்தச் சில்லு இன்று வல்லரசுகளின் ஆயுதம். மிக நுட்பமான சில்லுகளில் பெரும்பகுதி தைவான் தீவில் தயாராகிறது. அவற்றைப் பொறிக்கும் உயர்ரக எந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம். 2022 அக்டோபரில் அமெரிக்கா, உயர்ரகச் சில்லுகள் சீனாவுக்குப் போகாமல் தடை போட்டது. 2023இல் சீனா, சில்லுத் தொழிலுக்குத் தேவையான காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது.

நம் நாடு? மொகாலியில் அரசு நிறுவிய சில்லு ஆலை 1989இல் தீக்கிரையானது. குஜராத்தின் தொலேராவில் பெரிய ஆலைக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2024இல்தான்!

அதே ஆண்டு செப்டம்பரில், திருச்சியில் 2,000 கோடி ரூபாயில் மின்னணுத் தொழிற்சாலை அமைக்க அமெரிக்காவின் ஜேபில் நிறுவனம் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 5,000 பேருக்கு வேலை என்றார்கள். வரவேற்போம். ஆனால் சில்லை வாங்கிப் பொருத்துவது வேறு; வடிவமைப்பது வேறு.

நம் முன்னோர் கப்பலேறிப் போன பினாங்கைப் பாருங்கள். 1972இல் அங்கே இன்டெல் வந்தது. அரை நூற்றாண்டாகியும் பெரும்பாலும் பொருத்துவதும் சோதிப்பதும்தான் வேலை. வடிவமைப்புக்கு உயரவேண்டும் என்று மலேசிய அரசு 2024இல் தனித் திட்டம் அறிவித்தது. அந்தத் தாமதம் நமக்கு வேண்டாம்!

நம் ஊருக்கு அறிவுப் பஞ்சமா? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற எழுத்தாளர் சுஜாதாவும், ஏவுகணை தந்த அப்துல் கலாமும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்களே. கொடைப் பஞ்சமா? தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951இல் கல்லூரியே எழுப்பினார்களே!

வணிகப் பெருமக்களே! ஜமாஅத்துக்கு இரண்டு பிள்ளைகளையாவது சில்லு வடிவமைப்புப் படிக்க வையுங்கள். தொழிற்சாலையோடு பயிற்சிக்கூடமும் வேண்டுமென்று அரசிடம் கேளுங்கள்.

இளைஞனே! பட்டம் வாங்கியதும் விசாவுக்கு அலையாதே. சில்லு வடிவமைப்பில் மேற்படிப்பு துவாக்குடி என்.ஐ.டி.யிலேயே இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு இன்றே உட்கார்ந்து படி!

செல்போன் விற்றால் லாபம் வரும். அதன் மூளையைச் செய்பவனிடம்தான் அதிகாரம் இருக்கும். நம் பிள்ளைகள் எந்தப் பக்கம்?