நாயின் தட்டுக்கும் நல்ல தானியம் வேண்டும்

தோட்டத்தைக் காக்கும் நாய்க்கு உலர் உணவு வாங்கப் போனால், ‘தானியம் சேர்க்காதது’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகளைக் கடைகளில் பார்க்கலாம். தானியம் நாய்க்கு ஆகாது என்ற எண்ணம் கிராமங்களிலும் பரவிவருகிறது. கம்பங்கூழும் சோளச்சோறும் பாலும் கொடுத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களை வளர்த்தவர்கள் நாம். இதை நம்பும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஓநாயையும் நாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிகளே இருந்தன. நாய்களிலோ 4 முதல் 30 வரை இருந்தன. மனிதரோடு வாழப் பழகிய நாயின் வயிறு, வேகவைத்த தானியத்துக்கும் பழகிவிட்டது. பயறு, பட்டாணியை அதிகம் சேர்த்த தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் ஆராயத் தொடங்கியது. காரணம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால், தானியத்தை நீக்கினாலே உணவு உயர்ந்துவிடும் என்று சொல்லவும் ஆதாரமில்லை.

உண்மையான ஆபத்து பூஞ்சணத்தில் இருக்கிறது. சரியாகக் காயாத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அது முழுமையாக அழியாது. மக்காச்சோளம் சேர்ந்த ஓர் உலர் உணவில் இந்த நச்சு கலந்ததால், அமெரிக்காவில் 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. செல்லப்பிராணி உணவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நச்சு இருக்கக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு.

எனவே பாக்கெட் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். பொருட்பட்டியலில் அரிசி, மக்காச்சோளம், ஓட்ஸ் என்று தானியத்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். ‘தானியங்கள்’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் தவிர்ப்பது நல்லது. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று பட்டியலின் தொடக்கத்திலேயே வர வேண்டும். ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5 சதவீதம் புரதம் தேவை. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கட்டி தட்டியதையும் பூசண வாடை அடிப்பதையும் வாங்காதீர்கள். பிரித்த பாக்கெட்டை இறுக மூடி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நீரில் ஊறவைத்த உணவில் மீதமானதை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம். நாய் தீனி எடுக்காமல் சோர்ந்து, வாந்தி எடுத்து, கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் அந்த உணவை உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வியாபாரி கழித்த கறுத்த மக்காச்சோளத்தையும் பூசணம் பிடித்த கடலையையும் ‘நாய்க்கோ கோழிக்கோ போடலாம்’ என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள். அவற்றை மண்ணில் புதைத்துவிடுவதே பாதுகாப்பு. கறவை மாட்டுக்குப் போட்டால் அந்த நச்சு பாலிலும் வந்து, நம் வீட்டுக் குழந்தையின் டம்ளரைத் தொடும்.

மக்காச்சோளத்தைத் தார்ப்பாயில் பரப்பி, 12 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்திய பிறகே மூட்டை கட்டுங்கள். பெரம்பலூர் போன்ற மக்காச்சோள மாவட்டங்களில் பணிபுரியும் விரிவாக்க அலுவலர்கள், அறுவடைக்கு முன்பே ஈரப்பதமானியுடன் களத்துக்குப் போனால் பெரிய உதவியாக இருக்கும். உணவு ஆலையில் நடக்கும் பரிசோதனை, கெட்ட சரக்கைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். அது கெடாமல் தடுக்கும் வேலை நம் களத்தில்தான் நடக்க வேண்டும்.